ரத்தம் எடுத்த தேதி எங்கே?

தம்பிக்கு எச்.ஐ.வி. இருக்கிறது. ரத்தத்தில் நோயை எதிர்க்கும் அணுக்களின் கணக்கான சி.டி.4 எண்ணிக்கை 84. 200க்குக் கீழே போனாலே நோய் முற்றிய நிலை. இவனுக்கு அதில் பாதிகூட இல்லை. கூட்டு மருந்து தொடங்கியது, சளிப் பரிசோதனை எல்லாம் ஒரே வாரத்தில் முடிந்தது. அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை.

சென்னையில் 100க்குக் கீழே இருப்பவர்களுக்கு ஒரு மருந்துச் சோதனை நடக்கிறது, கேட்டுப் பாருங்கள் என்று டாக்டர் சொன்னார். அன்றைக்கே நெல்லை எக்ஸ்பிரஸில் டிக்கெட் போட்டேன். அங்கே நர்ஸ், தம்பியின் சிகிச்சை விவரம் எழுதிய பச்சை நோட்டைப் புரட்டிவிட்டு, “84ன்னு எழுதியிருக்கு. ரத்தம் எடுத்த தேதி எங்கே? லேப் ரிப்போர்ட் எங்கே?” என்றார். 28 நாளுக்குள் எடுத்த ரத்தமாக இருக்க வேண்டுமாம். நிற்கவே முடியாத பிள்ளையை 600 கிலோமீட்டருக்கு மேல் கூட்டிப் போய், வெறுங்கையோடு திரும்பினோம்.

ஊருக்கு வந்து லேப் கவுண்டரில் ரிப்போர்ட் கேட்டால், “நோட்டுல எழுதியாச்சுல்லா, பொறவு என்ன தாளு?” என்றார் அங்கிருந்தவர். அதோடு விடாமல், வரிசையில் நிற்பவர்களுக்கெல்லாம் கேட்கும்படி தம்பியின் நோய்ப் பெயரையும் சொன்னார். அவன் துண்டால் முகத்தை மூடிக்கொண்டான். “அண்ணாச்சி, இதை வெளியே சொல்லக் கூடாதுன்னு 2017லேயே சட்டம் போட்டாச்சு” என்றேன். குரல் நடுங்கினாலும் சொல்லிவிட்டேன். தாள் வந்தது. ஆனால் அதற்குள் 28 நாள் தாண்டிவிட்டது.

மறுபடி ரத்தம் கொடுத்தோம், வெள்ளிக்கிழமை மத்தியானம். அதுதான் தப்பு. இந்த ரத்தத்தில் அணுக்களை எண்ண வேண்டும், அதனால் நாள்கணக்கில் வைத்திருக்க முடியாது. பொதுவாக 48 மணி நேரத்துக்குள் மெஷினில் போட்டாக வேண்டும். சனி, ஞாயிறு கழிந்து திங்களன்று போனால், “சாம்பிள் வீணாப்போச்சு” என்றார்கள். வாரத் தொடக்கத்தில், காலையிலேயே கொடுத்துவிடுங்கள். காய்ச்சல் இருந்தால் டாக்டரிடம் சொல்லிவிட்டுக் கொடுங்கள், எண் மாறும்.

இன்னொரு முறை ரத்தம் கொடுத்துவிட்டு வந்தோம். அடுத்த இரண்டு நாளும் எனக்குத் தூக்கமில்லை. எண் ஏற வேண்டும் என்று வேளை தவறாமல் மாத்திரை கொடுத்தவளே நான்தான். இப்போது 100ஐத் தாண்டிவிடக் கூடாதே என்று நெல்லையப்பரிடம் வேண்டிக்கொண்டேன். அப்படி வேண்டியது இன்னும் மனசை அறுக்கிறது.

91 வந்தது.

இந்த முறை முதலில் போன் பண்ணினேன். மருந்துச் சோதனைகளை சி.டி.ஆர்.ஐ. என்ற அரசுப் பதிவேட்டில் பதிவது 2009 முதல் கட்டாயம். யாரைச் சேர்ப்பார்கள், யாரைச் சேர்க்க மாட்டார்கள், யாரிடம் பேச வேண்டும் என்பதெல்லாம் அதில் இருக்கும். முதல் தடவையே பார்த்துப் பேசியிருந்தால் ஒரு பயணம் மிச்சமாகியிருக்கும்.

ஒப்புதல் வாங்கும்போது கேமரா இருக்கும் என்று யாரோ சொல்லித் தம்பி மிரண்டுபோயிருந்தான். எச்.ஐ.வி. மருந்துச் சோதனைக்குக் குரல் பதிவு போதும் என்பது 2019 விதி. மேஜைமேல் சின்ன ரெக்கார்டர் ஒன்றுதான் இருந்தது. அதைப் பார்த்துக்கொண்டே, “நடுவுல முடியலைன்னா விட்டுட்டுப் போலாமா? ஊர்ல மாத்திரையை நிறுத்திருவாங்களா?” என்று கேட்டான். எப்போது வேண்டுமானாலும் விலகலாம், கூட்டு மருந்து நிற்காது என்றார் டாக்டர். அதே பதிலை இன்னொரு முறை சொல்லச் சொல்லிக் கேட்டுவிட்டுத்தான் பேனாவை எடுத்தான்.