முயலுக்கு அடைக்கலம் தந்த தாய்

அக்காவுக்கு மார்பில் கட்டி என்று தெரிந்த அன்றே புனித மெலாங்கெல் தாயிடம் நேர்ந்துகொண்டேன். ஆபரேஷன், கீமோ எல்லாம் முடிந்து அவள் தலையில் முடி முளைக்க ஆரம்பித்ததும் முதல் வேலையாக வேல்ஸுக்குக் கிளம்பிவிட்டேன்.

பெர்வின் மலைகளுக்குள் ஒரு பள்ளத்தாக்கின் கடைசியில் இருக்கிறது தாயின் கோயில் உள்ள பென்னன்ட் மெலாங்கெல். லாங்கினோக் ஊரைத் தாண்டினால் சாலை ஒரு கார் அகலம்தான், எதிரில் வண்டி வந்தால் இடம் கிடைக்கும்வரை பின்னாலேயே நகர வேண்டும். வாடகைக் கார்க்காரர் அந்தச் சந்தில் வைத்துப் பேசிய பணத்துக்கு மேல் கேட்டார், எனக்கு அப்படி ஓர் எரிச்சல். நேர்ச்சைக்கு வந்த இடத்தில் சண்டை வேண்டாம் என்று கொடுத்துவிட்டேன்.

மெலாங்கெல் தாய் அயர்லாந்து அரசனின் மகள், கட்டாயக் கல்யாணம் வேண்டாமென்று கடல் தாண்டி வந்து இந்தக் காட்டில் தவமிருந்தவர். வேல்ஸின் போவிஸ் நாட்டு இளவரசர் ப்ரோக்வெல் வேட்டைக்கு வந்தபோது நாய்கள் துரத்திய முயல் ஓடிப்போய் இவருடைய அங்கிக்குள் ஒளிந்துகொண்டது, நாய்கள் ஊளையிட்டுக்கொண்டு பின்வாங்கின. 604-ஆம் ஆண்டு என்பார்கள். இளவரசர் அந்த நிலத்தையே அடைக்கலம் தேடி வருபவர்களுக்கென்று கொடுத்துவிட்டார். தாய் அங்கே பெண்களைச் சேர்த்து மடம் அமைத்து, 37 ஆண்டுகள் தலைவியாக இருந்து நடத்தினார். அந்தப் பக்கத்து மக்கள் வெகுகாலம் முயலைக் கொல்லவே மாட்டார்களாம், மெலாங்கெலின் ஆட்டுக்குட்டிகள் என்றுதான் சொல்வார்களாம்.

கோயிலைச் சுற்றிப் பெரிய பெரிய யூ மரங்கள். உள்ளே 15-ஆம் நூற்றாண்டு மரத்தடுப்பில் இந்தக் கதையையே செதுக்கியிருக்கிறார்கள். அதைத் தாண்டினால் தாயின் 12-ஆம் நூற்றாண்டுக் கல் மாடம். புராட்டஸ்டன்ட் சீர்திருத்தக் காலத்தில் அதை உடைத்து, கற்களைச் சுவரிலும் வாசல் கட்டடத்திலும் வைத்துக் கட்டிவிட்டார்கள். அந்தத் துண்டுகளைத் தேடியெடுத்து 1958-இல்தான் மறுபடி சேர்த்தார்கள்.

எனக்கு முன்னால் வந்த கூட்டம் மாடத்தில் சாய்ந்துகொண்டு மாற்றி மாற்றிப் படம் எடுத்தது, சத்தம் வேறு. பக்கத்தில் ஒருவர் அழுதுகொண்டிருப்பதுகூடத் தெரியவில்லையா? அவர்கள் போகும்வரை நின்றேன். அப்புறம் அக்கா பெயரெழுதிய ஜெபச் சீட்டை மாடத்தில் வைத்து முழந்தாளிட்டேன். யார் யாரோ வைத்துவிட்டுப் போன சீட்டுகள் அங்கே, எத்தனை பெயர்கள், எத்தனை வியாதிகள்! சொல்ல வேண்டும் என்று வழியெல்லாம் கட்டிவைத்திருந்த ஜெபம் ஒன்றும் வரவில்லை. ஸ்கேன் ரிப்போர்ட்டுக்குக் காத்திருந்த இரவுகளில் நாங்கள் இருவரும் அந்த முயலாகத்தான் இருந்தோம் தாயே, உம் அங்கிக்குள்தான் இருந்தோம், அதை மட்டும் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டே இருந்தேன். எவ்வளவு நேரம் ஆனதோ, அழுகை நிற்கவேயில்லை.

அந்தக் கார், அந்தக் கூட்டம், எதுவும் மனதில் நிற்கவில்லை. அக்காவுக்காகக் கேட்டது கிடைத்துவிட்டது, கேட்காததும் சேர்த்துக் கிடைத்தது. மே 27 தாயின் திருநாள், உடம்பு தேறியதும் ஒரு திருநாளுக்கு அக்காவே வந்து நன்றி சொல்லட்டும். நன்றி தாயே, கோடி நன்றி.