ஒரு நாளுக்கு 48 கட்டம்

ஜூன் 2, திங்கள்

இந்த வாரம் முழுக்க நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பைப் பற்றியே எழுதப் போகிறேன். ஒரு வீட்டுக்குப் போய், "நேற்று காலை 4 மணியிலிருந்து இன்று காலை 4 மணி வரை என்னென்ன செய்தீர்கள்?" என்று கேட்டு அரை மணி அரை மணியாக எழுதி வரும் வேலை அது. மொத்தம் 48 கட்டம், 1,440 நிமிடம். இந்தியாவில் 1998 ஜூலை முதல் 1999 ஜூன் வரை ஆறு மாநிலங்களில் சோதனையாக நடந்தது. தமிழ்நாடு அவற்றில் ஒன்று. நாடு முழுவதற்குமாக முதலில் 2019-லும் அடுத்து 2024-லும் எடுத்தார்கள். வீட்டில் ஆறு வயது நிரம்பிய எல்லோரையும் கேட்பார்கள், ஆளுக்கு ஒரே ஒரு நாள்.

அந்த ஒரு நாளை வைத்து அவர் எப்படிப்பட்டவர் என்று சொல்லிவிடலாமா? படிவத்தைக் கையில் எடுக்கிற எல்லோருக்கும் வருகிற ஆசை இது. சொல்ல முடியாது. ஆனால் எந்த இடத்தில் முடியாமல் போகிறது என்பதைக் கட்டம் கட்டமாகப் பார்ப்பது பயனுள்ளது.

காலை 4 மணியில் ஏன் தொடங்குகிறார்கள்? அந்நேரம் பெரும்பாலோர் தூக்கத்தில் இருப்பார்கள், எந்த வேலையும் நடுவில் அறுபடாது. பூ மார்க்கெட்டுக்கும் மீன் ஏலத்துக்கும் இரண்டு மணிக்கே கிளம்புகிறவர்களுக்கு இது பொருந்தாது. அவர்களுடைய விடியல் படிவத்தின் கடைசி நான்கு கட்டத்தில் போய் விழும். அந்தத் தாளை மேலிருந்து கீழாகப் படித்தால் ஆளே மாறித் தெரிவார்.

ஜூன் 3, செவ்வாய்

பதில் சொல்பவரின் வினைச்சொல்லைக் கவனியுங்கள். "அஞ்சு மணிக்கு எந்திரிப்பேன், வாசல் தெளிப்பேன், அடுப்பு பத்த வைப்பேன்" என்று வந்தால் அது நேற்றைய நாள் இல்லை. அவர் மனதில் வைத்திருக்கும் வழக்கமான நாள், தன்னைப் பற்றி அவர் கொடுக்கும் சான்றிதழ். நமக்கு வேண்டியது "எந்திரிச்சேன், தெளிச்சேன்". '-ப்பேன்' காதில் விழுந்ததும் பேனாவை நிறுத்திவிட வேண்டும். "நேத்து எத்தனை மணிக்கு எந்திரிச்சீங்கக்கா?" என்று கேட்டால் பலருக்கும் உடனே மாறிவிடும்: "நேத்தா? நேத்து ராத்திரி பிள்ளைக்குக் காய்ச்சல், ஆறரை ஆயிடுச்சு."

மணி பார்க்காத வீடுகளில் கடிகாரத்தைக் கேட்டுப் பயனில்லை. குழாயில் தண்ணீர் வந்ததற்கு முன்னா பின்னா, பால்காரர் வந்துவிட்டாரா, பள்ளி மணி அடித்ததா, பாங்கு கேட்டதா, முதல் பஸ் போய்விட்டதா என்று கேட்க வேண்டும். முதலில் இப்படி நாலைந்து முளை அடித்துக்கொண்டு இடையில் உள்ளதை நிரப்பினால், ஒவ்வொரு அரை மணியாகத் துருவுவதைவிடச் சீக்கிரம் முடியும். சரியாகவும் வரும்.

மனைவிக்காகக் கணவர் பதில் சொல்லும் தாளைப் பார்த்தவுடனே தெரிந்துவிடும். காலை 6 முதல் 12 வரை ஒரே வரி: "வீட்டு வேலை". அந்தத் தாளை அப்படியே வாங்கிக்கொள்ளாதீர்கள். அந்த அம்மா வரும் நேரம் கேட்டுத் திரும்பப் போங்கள்.

ஜூன் 4, புதன்

அதிகம் தவறு நடப்பது ஒரு கட்டத்துக்குள் பல வேலை இருக்கும்போது.

காலை 6:30 முதல் 7:00 வரை என்று வைத்துக்கொள்வோம். உலையில் அரிசி. மகளுக்குத் தலை பின்னல். மாமியாருக்கு இன்சுலின் ஊசி. இஸ்திரி போட்ட சட்டைக்குப் பொத்தான் தையல். ஒரு கட்டத்தில் அதிகபட்சம் மூன்று வேலைதான் எழுதலாம், அதுவும் பத்து நிமிடமாவது பிடித்திருக்க வேண்டும். ஆகவே சமையல் நிற்கும், தலை பின்னல் நிற்கும். இரண்டு நிமிட ஊசியும் ஐந்து நிமிடப் பொத்தானும் தாளிலிருந்து போய்விடும். ஊசியை ஒரு நாள் தவறவிட்டால் அந்த வீட்டில் என்ன ஆகும் என்பது எல்லோருக்கும் தெரியும். நிமிடக் கணக்கில் அதற்கு இடமில்லை. இந்த முறையில் என்னை உறுத்திக்கொண்டே இருக்கும் இடம் இது. ஒருவரை அவராகக் காட்டும் வேலைகள் பலவும் பத்து நிமிடத்துக்குக் குறைந்தவை.

அடுத்தது "சும்மா". "மத்தியானம் சும்மாதான் இருந்தேன்" என்ற பதிலை ஓய்வு என்று குறித்துவிடக் கூடாது. "எங்க உக்காந்திருந்தீங்க? பக்கத்துல யாரு இருந்தா? கை என்ன செஞ்சுது?" இந்த மூன்றையும் கேட்டால் மொட்டை மாடியில் வடகத்துக்குக் காக்கா விரட்டியதும், பேரன் தூங்கும் தொட்டிலை ஆட்டியதும் வெளியே வரும். வேலைகளை ஒன்பது பெரும் பிரிவாகப் பிரித்திருக்கிறார்கள். வடகம் ஒரு பிரிவு, தொட்டில் இன்னொரு பிரிவு, ஓய்வு மூன்றாவது. கேட்காமல் விட்டால் எல்லாமே மூன்றாவதில் விழுந்து, அந்தப் பெண் சோம்பேறி என்று தாள் சொல்லும்.

ஜூன் 5, வியாழன்

"நேத்து சாதாரண நாள்தானா?" என்றும் குறிக்க வேண்டும். 1998-99 சோதனையில் இதை மூன்றாகப் பிரித்தார்கள்: வழக்கமான நாள், வாரத்தில் மாறி வரும் நாள், அசாதாரண நாள். கூலி வேலைக்குப் போகிறவருக்கு நேற்று வேலை கிடைக்கவில்லை என்றால் அது எந்த நாள்? அவரைக் கேட்டால், "வேலை இல்லாத நாளும் சாதாரணம்தாங்க" என்பார். அதையே எழுதுங்கள். நாம் போய் "வழக்கமா வேலைக்குப் போற நாளைச் சொல்லுங்க" என்று மாற்றிக் கேட்டால் கணக்கே கெட்டுவிடும்.

ஜூன் 7, சனி

இன்று கணக்கு. பொறுமையாகப் படியுங்கள்.

2019 அறிக்கையின்படி, கேட்ட அந்த ஒரு நாளில் கூலியில்லா வீட்டு வேலை செய்தவர்கள் பெண்களில் 81.2 சதவீதம், ஆண்களில் 26.1 சதவீதம். செய்தவர்களுக்கு மட்டும் சராசரி பார்த்தால் பெண்கள் 299 நிமிடம், ஆண்கள் 97 நிமிடம். 2024-ல் இது 289, 88. செய்தித்தாளில் 97 நிமிடம் என்று படித்துவிட்டு ஆண்கள் ஒன்றரை மணி நேரம் வீட்டு வேலை செய்வதாக எடுத்துக்கொள்கிறார்கள். அன்று செய்யாதவர்களையும் சேர்த்துப் பரப்பினால் ஓர் ஆணுக்கு 25 நிமிடம்தான்.

அந்த 26.1 யார்? இரண்டு ஊரை நினைத்துக்கொள்ளுங்கள். முதல் ஊரில் 100 ஆண்களில் 26 பேர் தினமும் பாத்திரம் கழுவுகிறார்கள், மற்ற 74 பேர் தொடுவதே இல்லை. இரண்டாவது ஊரில் 100 பேரும் ஏறக்குறைய நான்கு நாளைக்கு ஒரு முறை கழுவுகிறார்கள். ஒரு நாள் மட்டும் கேட்டால் இரண்டு ஊரிலும் ஒரே விடை வரும். ஊரின் சராசரி சரியாக இருக்கும், ஆளைப் பற்றிய முடிவு தப்பாக இருக்கும். முறை வராத நாளில் மாட்டிக்கொண்டவரைத் தொடவே தொடாதவர் என்று எழுதிவிடுவோம்.

அதே ஆட்களிடம் இன்னொரு நாள் கேளுங்கள். முதல் ஊரில் இரண்டு நாளும் கழுவியவர்கள் அதே 26 பேர். இரண்டாவது ஊரில் 26-ல் நாலில் ஒரு பங்கு, சுமார் 7 பேர். உண்மையான ஊர் இரண்டுக்கும் நடுவில் எங்காவது இருக்கும். எங்கே என்று காட்ட இரண்டாவது தாள் வேண்டும்.

ஜூன் 8, ஞாயிறு

அமெரிக்காவில் 2003 முதல் தொடர்ந்து நடக்கும் கணக்கெடுப்பிலும் வீட்டுக்கு ஒருவர், அவருக்கு ஒரு நாள்தான். ஆனால் பாதித் தாள்கள் சனி, ஞாயிறுக்கு உரியவை. ஐரோப்பிய வழிகாட்டுதல் ஆளுக்கு இரண்டு நாள் கேட்கச் சொல்கிறது, ஒரு வேலை நாள், ஒரு வார இறுதி நாள். கட்டமும் பத்து நிமிடம். கூட யார் இருந்தார்கள் என்பதற்கும் அதில் இடம் உண்டு. பத்து நிமிடக் கட்டம் நம் ஊருக்கும் வரவேண்டும் என்று விரும்புகிறேன், நேரம் இரண்டு மடங்கு பிடித்தாலும்.

ஜூன் 9, திங்கள்

இரண்டாவது முறை போவது பற்றி. மறுநாளே போகாதீர்கள். நேற்று துணி துவைத்தவர் இன்று துவைக்க மாட்டார், ஒரு நாள் இன்னொன்றைத் தள்ளிவிடும். நாலைந்து நாள் இடைவெளி விட்டு, வேறு கிழமையில் போங்கள். முதல் தாளைக் கையில் கொண்டுபோகக் கூடாது. "போன தடவை சொன்னதேதான் தம்பி, எழுதிக்கங்க" என்பார்கள். அப்போது, "நேத்து என்ன குழம்பு வச்சீங்க?" என்று கேளுங்கள். குழம்பு நினைவுக்கு வந்தால் காய் வாங்கப் போனது வரும், வழியில் யாரிடம் நின்று பேசினார் என்பது வரும், நாளே திரும்பி வந்துவிடும்.

இரண்டு தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்ததும் கண் முதலில் போவது இரண்டிலும் ஒன்றாக இருக்கும் கட்டங்களுக்கு. இதுதான் இவருடைய குணம் என்று உடனே தோன்றும். இரண்டு நாளும் 4:30-க்கு எழுந்திருக்கிறாரே, எவ்வளவு ஒழுங்கு என்று. அந்தத் தெருவில் தண்ணீர் எத்தனை மணிக்கு வருகிறது என்று கேட்டுவிட்டீர்களா? குழாய் நேரம், முதல் பஸ், ஷிப்ட் மாறும் நேரம் மூன்றையும் தாளின் ஓரத்தில் குறித்து, அவை விழும் கட்டங்களைப் பென்சிலால் அடித்துவிட வேண்டும். மிச்சம் இருப்பது ஐந்தாறு கட்டமாக இருக்கலாம். படிக்க வேண்டியது அவற்றைத்தான்.