ஒரு கோடித் தாளை அடுக்கினால்

புத்தக வடிவமைப்புதான் என் பிழைப்பு. அட்டைப்படம் கைக்கு வருவதற்கு முன்பே எனக்குத் தெரிய வேண்டியது, புத்தகத்தின் முதுகு, அதாவது அலமாரியில் நிறுத்தினால் கண்ணுக்குத் தெரியும் பக்கம், எத்தனை மில்லிமீட்டர் அகலம் என்பது. 320 பக்கப் புத்தகம் என்றால் 160 தாள். 70 ஜிஎஸ்எம் மேப்லித்தோவில், அதாவது சாதாரண வெள்ளை அச்சுத்தாளில், அடித்தால் முதுகு பதினாலரை மில்லிமீட்டர் வரும். அதே 70 ஜிஎஸ்எம்மில், நாவல்களுக்குப் போடுகிறார்களே, அந்த உப்பலான தாள் என்றால் 18 வரைகூடப் போகும். ஜிஎஸ்எம் என்பது ஒரு சதுர மீட்டர் தாளின் எடை மட்டும்தான். தடிமன் எவ்வளவு என்று அது சொல்லாது. பளபளவென்று இருக்கும் ஆர்ட் பேப்பர் 90 ஜிஎஸ்எம் இருந்தும் 70 ஜிஎஸ்எம் மேப்லித்தோவைவிட மெல்லியதாக இருக்கும். அவ்வளவு அழுத்தி இழைத்திருப்பார்கள்.

அதனால், “மாமா, ஒரு கோடி பேப்பரை அடுக்குனா எவ்ளோ உயரம் வரும்?” என்று அக்கா மகன் கேட்டபோது எனக்கு ஏக குஷி. பையன் ஸ்கேலை எடுத்து ஒரே ஒரு தாளை அளக்கப் பார்த்தான். “ஒன்னை அளக்காதடா, கட்டா அளந்து வகுத்துக்கோ” என்றேன். பிரிக்காத ஒரு ரீம் ஏ4 தாள், 75 ஜிஎஸ்எம், 500 தாள்: சுமார் 5 செ.மீ. இதில் ஒரு மில்லிமீட்டர் முன்னே பின்னே போனாலும் பிழை நூற்றுக்கு இரண்டுதான். ஒற்றைத் தாளில் அதே பிழை வந்தால் கணக்கே பத்து மடங்கு எகிறிவிடும்.

அப்புறம் எல்லாம் வாய்க்கணக்கு. ஒரு லட்சம் தாள், அதாவது 200 ரீம், 10 மீட்டர். ஆறரை லட்சத்தில் தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின் உயரத்துக்கு வந்துவிடலாம். ஒரு கோடி என்றால் சரியாக ஒரு கிலோமீட்டர். தொட்டபெட்டா உயரத்துக்கு 2.6 கோடிக்குக் கொஞ்சம் மேலே வேண்டும்.

“பணத்தை அடுக்குனா?” என்றான். அதற்கு ஊரறிந்த எண்ணிக்கை ஒன்று இருக்கிறது. 2016 நவம்பரில் செல்லாது என்று அறிவித்தபோது புழக்கத்தில் இருந்தவை சுமார் 1,716 கோடி ஐந்நூறு ரூபாய் நோட்டுகள், 686 கோடி ஆயிரம் ரூபாய் நோட்டுகள். மொத்தம் 2,400 கோடி. நூறு நோட்டு ஒரு செ.மீ. என்று வைத்தால் 2,400 கிலோமீட்டர். சென்னையிலிருந்து டெல்லிக்கு ரயில் பாதையே சுமார் 2,200 தான். கசங்கிய நோட்டுக்குத் தடிமன் கூடுதல் என்பதால் நிஜத்தில் இன்னும் நீளும். வரிசையில் நின்ற எரிச்சல் எனக்கு இன்னும் தீரவில்லை, அது வேறு கதை.

சரி, ஒரு கோடித் தாளுக்கு வருவோம். இத்தனை உயரத்துக்கு அடுக்கினால் அடித்தாளின் கதி என்ன? ஒரு ரீம் 2.34 கிலோ. 20,000 ரீம் கிட்டத்தட்ட 47 டன். அடியில் ஒவ்வொரு சதுர சென்டிமீட்டர் மீதும் 75 கிலோ ஏறி உட்காரும். தாளுக்குள்ளும் இடையிலும் உள்ள காற்று பிதுங்கி வெளியேறும், அடுக்கு அமுங்கும். கட்டிங் மெஷினில் வெட்டுவதற்கு முன் தாளை இறுக்கிப் பிடிக்கும்போதே கட்டு கண்முன் இறங்குவதைப் பார்க்கலாம். எனவே ஒரு கிலோமீட்டர் என்பது உச்ச வரம்பு. நிஜ அடுக்கு அதைவிடக் குட்டையாகவே நிற்கும். நின்றால்.

பையனை உண்மையில் மலைக்க வைத்தது வேறொரு கணக்கு. இந்த ஒரு கிலோமீட்டரைத் துண்டு துண்டாக்கிப் பக்கத்தில் பக்கத்தில் அடுக்கினால் 62 கன மீட்டர்தான். பத்துக்குப் பத்து அறை, கூரை உயரமும் பத்தடி என்றால், இரண்டு அறையில் அடைத்து மிச்சத்தைக் கூடத்தில் வைத்துவிடலாம். ஆனால் தரைத்தளமாக இருக்க வேண்டும். வீட்டு மாடித் தளம் சதுர மீட்டருக்கு சுமார் 200 கிலோ தாங்கும் என்று வைத்துத்தான் கட்டுவார்கள். பத்தடி உயரத் தாள் கட்டு சதுர மீட்டருக்கு 2,250 கிலோவுக்கு மேல் இறங்கும். “அப்ப கீழ்வீட்டுத் தாத்தா ரூம்ல வைக்கலாம்” என்று முடிவெடுத்துவிட்டு விளையாடப் போய்விட்டான்.