போதை சிகிச்சைப் பயிற்சி: உள்ளே போய்ப் பார்த்தது

கல்லீரல் சுருக்கத்தைப் பற்றி மருத்துவக் கல்லூரியில் பக்கம் பக்கமாகப் படித்திருந்தேன். குடிப்பவரிடம் எப்படிப் பேச்சைத் தொடங்குவது என்று மட்டும் யாரும் சொல்லித் தரவில்லை. போதை சிகிச்சைப் பிரிவில் பயிற்சிக்குச் சேர்ந்தபோது என் நிலைமை அதுதான்.

முதலில் வார்டு. குடியை நிறுத்திய ஆறேழு மணி நேரத்திலேயே நடுக்கமும் வியர்வையும் தொடங்கிவிடலாம். வலிப்பு வருவதானால் பெரும்பாலும் முதல் 48 மணி நேரத்துக்குள் வரும். பிதற்றலும் குழப்பமும் அதற்கப்புறம். குடியை நிறுத்தியதால் வரும் இந்த அவஸ்தையை அளக்க சீவா (CIWA-Ar) என்றொரு அளவை உண்டு: 10 அம்சங்கள், மொத்தம் 67 மதிப்பெண். மனப்பாடம் செய்வது சுலபம். பழகிய செவிலியர் ஒருவர்தான் அதைக் கையால் செய்து காட்டினார். நோயாளியைக் கைகளை நீட்டச் சொல்லி, அவர் விரல் நுனியில் தன் விரல் நுனியை வைத்தார். பார்வைக்கு அசைவே இல்லை. நானும் வைத்துப் பார்த்தேன், மெல்லிய அதிர்வு தெரிந்தது. அதற்கு 1 மதிப்பெண். குளுக்கோஸ் ஏற்றும் முன் தயமின் (வைட்டமின் பி1) கொடுக்க வேண்டும் என்பதையும் அவரே மனதில் பதியவைத்தார், தினமும் கேட்பார்.

என்னை அதிகம் சோதித்தது, ஹெராயின் பழக்கத்துக்குச் சிகிச்சையாகக் கொடுக்கும் புப்ரினார்ஃபின் மாத்திரை. ஹெராயின் பழக்கமுள்ளவர் துடித்துக்கொண்டு வருவார், "மாத்திரையைக் குடுங்க டாக்டர்" என்பார். உடனே கொடுத்தால் வம்பு. மூளையில் ஹெராயின் போய் ஒட்டும் இடங்களான ஏற்பிகளை இந்த மருந்து இறுகப் பற்றும், ஆனால் அரைகுறையாகத்தான் தூண்டும். உள்ளே ஹெராயின் மிச்சமிருந்தால் அதைத் தள்ளிவிட்டு, மெதுவாக வர வேண்டிய அவஸ்தையை ஒரேயடியாக வரவழைத்துவிடும். அதனால் காத்திருக்க வேண்டும்: கொட்டாவி, மூக்கொழுகல், விரிந்த கண்மணி, கையில் மயிர்க்கூச்சம் எல்லாம் வந்து சேரும்வரை. வலியைப் பார்த்ததும் மருந்து கொடுக்கப் பழகிய கைக்கு இது பெரிய தண்டனை. மாத்திரை நாக்கின் அடியில் கரைந்து, கொஞ்ச நேரத்தில் அவர் முகம் தளர்வதைப் பார்த்தபோதுதான் காத்திருந்ததன் அர்த்தம் புரிந்தது.

பேச்சுப் பயிற்சியில் எங்கள் நேர்காணல்களைப் பதிவுசெய்து, வழிகாட்டி பேராசிரியர் எங்கள் முன்னாலேயே போட்டுக் காட்டுவார். எத்தனை கேள்வி கேட்டோம், நோயாளி சொன்னதை எத்தனை முறை அவரிடமே திருப்பிச் சொன்னோம் என்று எண்ணுவார். உபதேசம் செய்த இடத்தில் நிறுத்திவிட்டு நிமிர்ந்து பார்ப்பார், அவ்வளவுதான். உளவியலாளர் வில்லியம் மில்லர் 1983இல் முன்வைத்த ஊக்கமூட்டும் நேர்காணல் முறை இது. படித்தால் சாதாரணமாக இருக்கும், செய்தால் வாய் கட்டுப்படாது.

ஆய்வு வகுப்புகளில் மனதில் நின்றது ஒன்றுதான். 1965இல் அமெரிக்க மருத்துவர்கள் டோலும் நைஸ்வாண்டரும், ஹெராயின் பழக்கத்துக்கு மாற்றாகக் கொடுக்கும் மெதடோன் மருந்து பற்றி வெளியிட்ட கட்டுரையில் இருந்தவர்கள் வெறும் 22 பேர். அவ்வளவு சின்ன ஆய்வு ஒரு சிகிச்சை முறைக்கே வழி திறந்தது. தேர்வைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை, படித்தால் வரும்.

சேர நினைப்பவர்கள் பாடத்திட்டத்தைப் புரட்டும் முன் ஒன்றை விசாரித்துக்கொள்ளுங்கள்: ஒரே நோயாளியை மாதக்கணக்கில் தொடர்ந்து பார்க்க விடுவார்களா? வார்டில் நஞ்சிறக்கம், அதாவது உடம்பிலிருந்து போதையை இறக்கும் முதல் கட்டம் மட்டும் கற்றுத் தரும் இடமென்றால், வீட்டுக்குப் போனவர் மறுபடி குடித்துவிட்டு வந்து நிற்கும்போது என்ன செய்வது என்பது உங்களுக்கு அங்கே கிடைக்காது.