டிடக்டிபிளை நாங்களே பார்த்துக்கொள்கிறோம் என்றவர்

டெக்சாஸில் டாலஸ் நகரை ஒட்டிய காலின் கவுண்டியில் (நம் ஊர் மாவட்டம் போன்றது) வீடு வாங்கிக் குடியிருப்பவர்களுக்கு, மார்ச் முதல் ஜூன் வரை வானத்தைப் பார்த்துப் பார்த்தே பொழுது போகும். 2016 ஏப்ரலில் இதே கவுண்டியின் வைலி ஊரில் ஆலங்கட்டிகள் கூரையைத் துளைத்துக்கொண்டு வீட்டுக்குள் விழுந்ததை இங்கே வெகுகாலமாக இருப்பவர்கள் இன்னும் மறக்கவில்லை. சென்ற வசந்தத்தில் எங்கள் தெருவில் பெய்தது அவ்வளவு கடுமையானதல்ல என்றாலும், எலுமிச்சம்பழம் அளவுக் கட்டிகள் பத்து நிமிடம் விடாமல் அடித்தன. மறுநாள் காலை ஒன்பது மணிக்குள் கூரை வேலை செய்யும் நிறுவனத்தார் மூன்று பேர் வந்து கதவைத் தட்டிவிட்டார்கள்.

மூன்றாவதாக வந்த இளைஞர் மிகுந்த மரியாதையுடன் பேசினார். இலவசமாகவே பார்த்துச் சொல்வதாகக் கூறி ஏணி வைத்து ஏறியவர், இருபது நிமிடத்தில் இறங்கி வந்து, சாக்பீஸால் வட்டமிட்ட தடங்களைத் தம் கைப்பேசியில் காட்டினார். இன்சூரன்ஸ் நிறுவனத்திடம் தாமே பேசி முழுக் கூரையையும் வாங்கித் தருவதாகச் சொல்லி, கையெழுத்துக்காக டேப்லெட்டை நீட்டினார். டிடக்டிபிள் எவ்வளவு வரும் என்று கேட்டபோது, "அதை நாங்களே பார்த்துக்கொள்கிறோம், உங்கள் கையிலிருந்து ஒரு டாலர்கூட வேண்டாம்" என்றார். பாலிசியைப் படித்துவிட்டுக் கையெழுத்துப் போடலாம் என்று என் மனைவி தடுத்திராவிட்டால் நான் அப்போதே போட்டிருப்பேன்.

டிடக்டிபிள் என்பது எந்த இழப்பீட்டிலும் நம் கையிலிருந்து முதலில் போட வேண்டிய பங்கு. காற்று, ஆலங்கட்டிச் சேதங்களுக்கு இங்கே அது பெரும்பாலும் வீட்டின் காப்பீட்டுத் தொகையில் 1 அல்லது 2 சதவீதமாக இருக்கும். 4,00,000 டாலருக்குக் காப்பீடு செய்த வீட்டுக்கு 2 சதவீதம் என்றால் 8,000 டாலர். கூரை மாற்ற 22,000 டாலர் ஆகும் என்று மதிப்பிட்டால், பழைய கூரையின் தேய்மானமாக, உதாரணத்துக்கு 7,000 டாலரையும் டிடக்டிபிளையும் கழித்துக்கொண்டு முதல் காசோலையாக 7,000 தருவார்கள். பழைய பொருளுக்குப் புதிய விலை தரும் பாலிசியாக இருந்தால், வேலை முடிந்த பின் அந்தத் தேய்மானத் தொகையும் வந்து சேரும். ஆக இன்சூரன்ஸ் நிறுவனம் தருவது 14,000 டாலர்தான். மீதி 8,000 டாலரை வேண்டாம் என்று சொல்பவர் ஒன்று மட்டமான பொருளைப் போட்டு வேலையைக் குறைப்பார், அல்லது பில்லை ஏற்றிக் காட்டி அதே பணத்தை இன்சூரன்ஸிடமிருந்தே வாங்குவார். இரண்டாவது வழியில் பொய்க் கணக்குப் போகும் இழப்பீட்டு விண்ணப்பம் வீட்டுக்காரர் பெயரில்தான் இருக்கிறது.

இதைத் தடுக்க 2019 செப்டம்பர் 1 முதல் டெக்சாஸில் சட்டம் நடைமுறையில் உள்ளது. டிடக்டிபிளைத் தள்ளுபடி செய்வதாகச் சொல்லும் ஒப்பந்தக்காரருக்கு 2,000 டாலர் வரை அபராதமும் 180 நாள் வரை சிறையும் கிடைக்கலாம். வீட்டுக்காரர் டிடக்டிபிளைக் கட்டியதற்கான ஆதாரத்தைக் காட்டும் வரை மீதித் தொகையை நிறுத்தி வைக்க இன்சூரன்ஸ் நிறுவனத்துக்கு உரிமையும் உண்டு. கூரை போடுபவரே வீட்டுக்காரருக்காக இழப்பீட்டுத் தொகையைப் பேரம் பேசுவதும் குற்றம். அந்தத் தடை செல்லும் என்று மாநில உச்ச நீதிமன்றம் 2024 ஜூனில் உறுதிசெய்தது. இத்தனை இருந்தும், முடி வெட்டுபவருக்கு உரிமம் கேட்கும் இந்த மாநிலம் கூரை போடுபவருக்கு எந்த உரிமமும் கேட்பதில்லை என்பது எனக்கு மிகுந்த வருத்தமளிக்கிறது.

அடுத்த வாரம் சேதத்தை மதிப்பிட இன்சூரன்ஸ் நிறுவனத்தின் அட்ஜஸ்டர் வந்தபோது, அவர் அனுமதியுடன் நானும் கூரை மேல் ஏறினேன். மேற்குச் சரிவில் பத்தடிக்குப் பத்தடி சதுரம் வரைந்து, அதற்குள் தடங்களை எண்ணினார். உண்மையாக அடிபட்ட ஷிங்கிளை, அதாவது கூரையில் வேய்ந்த மெல்லிய ஓட்டை, பெருவிரலால் அழுத்திப் பார்க்கச் சொன்னார். கன்றிப்போன கொய்யாப்பழத்தை அழுத்தியது போல உள்ளே இலேசாக அமுங்கியது. தடங்கள் சிறிதும் பெரிதுமாக, ஒழுங்கின்றிச் சிதறிக் கிடந்தன. அந்தப் பக்கத்துத் தகரக் குழாய்களிலும் குழிகள் இருந்தன. கிழக்குச் சரிவில் கண்டது வேறு. ஏணி வைத்த இடத்திலிருந்து கையெட்டும் தூரத்தில், எல்லாம் ஒரே அளவில், நாணயத்தின் விளிம்பால் சுரண்டியது போன்ற ஒன்பது தடங்கள். அருகிலிருந்த குழாயில் ஒரு கீறல்கூட இல்லை. அவர் என்னை நிமிர்ந்து பார்த்த பார்வையில் எனக்கு உடம்பு கூசியது. மழைக்குப் பின் அங்கே ஏறியவர் அந்த இளைஞர் ஒருவர்தான் என்பதையும், எதிலும் கையெழுத்திடவில்லை என்பதையும் விளக்கினேன். ஒன்பதையும் படமெடுத்துக்கொண்டு, மேற்கிலும் வடக்கிலும் இருந்த சேதத்தை மட்டும் அவர் கணக்கில் சேர்த்தார்.

எதிர்வீட்டுச் சேலத்துக்காரர் அதே இளைஞரிடம் முந்தைய நாள் மாலைதான் கையெழுத்திட்டிருந்தார். வீடு தேடி வந்து விற்பவரிடம் போட்ட ஒப்பந்தத்தை மூன்று வேலை நாட்களுக்குள் எழுத்து மூலம் ரத்து செய்யலாம் என்று சொன்னதும், என் வீட்டுச் சாப்பாட்டு மேசையிலேயே உட்கார்ந்து கடிதம் எழுதினார். தபால் அலுவலகம் மூடுவதற்குள் இருவரும் போய், ரசீதுடன் பதிவுத் தபாலில் அதை அனுப்பிவிட்டு வந்தோம்.