சிலிண்டரில் ஒரு கடற்போர்

டெக்சஸில் பழைய துப்பாக்கிச் சந்தைக்குப் போனால் என் கண் முதலில் தேடுவது கோல்ட் (Colt) நிறுவனத்தின் 1851 மாடல் நேவி ரிவால்வரைத்தான். நேற்று ஒன்று கைக்கு வந்தது. லென்ஸ் வைத்துப் பார்த்தேன். குண்டு நிரப்பும் உருளையான சிலிண்டரைச் சுற்றிலும் குட்டிக் குட்டிக் கப்பல்கள்! 1843-இல், அப்போது தனி நாடாக இருந்த டெக்சஸின் கடற்படை மெக்சிகோ கப்பல்களோடு மோதிய கம்பேச்சே போர்தான் அந்தச் செதுக்கல்.

இந்த அழகில் மயங்கி உடனே காசை எடுத்து நீட்டிவிடாதீர்கள். பேரல் (குழல்), ஃபிரேம் (சட்டம்), டிரிகர் கார்டு (விசையைச் சுற்றிய வளையம்), சிலிண்டர் எல்லாவற்றிலும் வரிசை எண் ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். இதில் பேரலை இறுக்கிப் பிடிக்கும் ஆப்பில் மட்டும் வேறு எண். சின்னப் பொருள், தொலைந்திருக்கும், மாற்றியிருப்பார்கள். அது பரவாயில்லை.

என்னால் தாங்க முடியாதது பாலிஷ். பளபளப்பாக்குகிறேன் என்று யாரோ தேய்த்த தேய்ப்பில் இரும்பில் ஏறியிருந்த பழுப்பு போய், எழுத்துகளின் விளிம்பு மழுங்கி, பாதிக் கப்பல்கள் காணாமல் போயிருந்தன. ஒரு பாய்மரம் மட்டும் முழுசாக மிச்சம். வயிறு எரிந்தது. பழசைப் பழசாகவே விட்டுவையுங்கள், தயவுசெய்து!

வாங்கவில்லை. அந்தப் பாய்மரத்தை மட்டும் படம் எடுத்துக்கொண்டு வந்தேன்.