திருகோணமலையும் திருக்கோணமலையும்

ஜூன் 4
கோணேசபுரி கம்பஸில் எங்கள் ஆய்வு செமினார் தொடங்கி நான்கு கிழமையாகிறது. அடுத்த முறை நான் பேச வேண்டும். டெங்கு வைரஸின் நான்கு வகைகளை எடுத்திருக்கிறேன். அவற்றின் வரிசைகளை, ஒத்த எழுத்துகள் நேருக்கு நேர் வரும்படி பொருத்திக் காட்டுவதுதான் தலைப்பு. மரபணு வரிசைகளை ஜென்பாங் என்ற இணையக் களஞ்சியத்திலிருந்து இறக்கினேன். யாரும் காசில்லாமல் எடுக்கலாம். A, C, G, T என்ற நான்கே எழுத்தால் ஆனவை; ஒவ்வொன்றிலும் ஏறக்குறைய 10,700 எழுத்துகள். நான்கும் சேர்ந்து போனில் எடுத்த ஒரு படத்தின் அளவுகூட இல்லை. பெரிய ஆய்வுகூடம் இருந்தால்தான் இந்தத் துறைக்குள் வரலாம் என்று நினைக்கிற பிள்ளைகளுக்கு இதைத்தான் முதலில் காட்ட வேண்டும்.

ஜூன் 7
இரவு தங்கச்சியை இருத்தி வைத்துச் சொல்லிப் பார்த்தேன். ஏஎல்லில் உயிரியல் படிக்கிறவள். பொருத்தும்போது கோடு போட்டு விடும் ‘இடைவெளி’ வந்த இடத்தில் மறித்தாள். “ஒன்றின் கீழ் ஒன்றாக எழுதினால் போதாதா? நடுவில் ஏன் கோடு போடுகிறீங்கள்?” நியாயமான கேள்வி. நான் சொன்ன பதில் எனக்கே பிடிக்கவில்லை.

ஜூன் 8
பதில் பஸ்ஸில் கிடைத்தது. ஒரு கடைப் பலகையில் திருகோணமலை, கொஞ்சம் தள்ளி இன்னொன்றில் திருக்கோணமலை. ஒரே ஊர், ஒரு ‘க்’ கூட.

ஜூன் 11
செமினாரில், பலகையில் ஒரு பெயரை மேலே, மற்றதைப் பக்கவாட்டில் எழுதி 56 கட்டங்கள் போட்டேன் (தொடக்கத்துக்கு இரு பக்கமும் ஒவ்வொன்று கூட்டி, 7 × 8). 1970இல் நீடில்மனும் வுன்ஷும் தந்த முறை. எழுத்து ஒத்தால் 1, ஒவ்வாவிட்டால் −1, இடைவெளி விட்டால் −2. மேலிருந்து, இடமிருந்து, மூலையிலிருந்து என மூன்று வழியாலும் கூட்டிப் பார்த்து, பெரிய எண்ணைக் கட்டத்தில் எழுத வேண்டும். பிள்ளைகள் ஆளுக்கொரு கட்டமாக வந்து நிரப்பினார்கள். சும்மா கீழே கீழே எழுதினால் ‘திரு’ மட்டும்தான் ஒத்துவரும். அப்புறம் ‘கோ’வுக்கு நேரே ‘க்’, ‘ண’வுக்கு நேரே ‘கோ’ என்று கடைசிவரை பிசகும். கிடைப்பது −4. ‘க்’குக்கு நேரே ஒரு கோடு போட்டால் மற்ற ஆறு எழுத்தும் பொருந்தி 4 வருகிறது.

பிறகு டெங்குவின் உறைப் புரதம், அதாவது வைரஸின் வெளிப்புறத்தில் இருப்பது. இங்கே ஒவ்வொரு எழுத்தும் ஓர் அமினோ அமிலம். 1, 2, 4ஆம் வகைகளில் 495 அமினோ அமிலங்கள், 3ஆம் வகையில் 493. மென்பொருள் 3ஆம் வரிசையில் இரண்டு கோடு போட்டபோது ஒருவரும் விளக்கம் கேட்கவில்லை. எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

கிண்ணியாப் பிள்ளை ஒருத்தி கை தூக்கினாள். 2017இல் நாட்டில் 186,101 பேருக்கு டெங்கு. மார்ச்சில் கிண்ணியா பட்ட பாடு இங்கே எல்லோருக்கும் தெரியும். அவளுடைய தம்பியும் அப்போது படுத்தவன். “இன்னொரு வகை வந்தால் மோசமாகும் என்கிறார்களே மிஸ், அது இதில் தெரியுமா?”

உறைப் புரதத்தில் 98ஆம் இடம் முதல் 109 வரை காட்டினேன். பன்னிரண்டு அமினோ அமிலங்கள், நான்கு வகையிலும் ஒரே மாதிரி. வைரஸ் நம் உயிரணுவோடு இணைய உதவும் வளையம் அது. முதலில் வந்த வகைக்கு உடல் உண்டாக்கிய பிறபொருளெதிரிகளில் சில, பிறகு வரும் வேறு வகையிலும் இந்த இடத்தில் போய் ஒட்டும். ஆனால் வைரஸைச் சரியாக அடக்காது. ஒட்டியதைப் பிடித்துக்கொண்டே வைரஸ் சில நோயெதிர்ப்பு உயிரணுக்களுக்குள் இன்னும் இலேசாக நுழைந்துவிடும். முழுக் காரணமும் இதுவல்ல என்பதையும் சொன்னேன். அவள் அந்தப் பன்னிரண்டையும் கொப்பியில் எழுதிக்கொண்டாள்.

ஜூன் 12
காலையில் கட்டம் போட்ட தாளோடு வந்தாள். தன் பெயரையும் தம்பியின் பெயரையும் பொருத்தியிருந்தாள். ஒரு கட்டத்தில் கூட்டல் பிழை; இருவருமாகத் திருத்தினோம். அடுத்த கிழமை அவள் பேசுகிறாள்.